கூட நிற்க ஓர் ஆள்

திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரிகளில் நோயாளியோடு தங்குகிறவரை பைஸ்டாண்டர் என்பார்கள். மருந்துச் சீட்டோடு ஓட, கஞ்சி வாங்கிவர, ஆபரேஷன் அறைக்கு வெளியே நிற்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளின் பெயரை எழுதாமல் நோயாளியை உள்ளே கொண்டுபோக மாட்டார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில், குடலிறக்கத்துக்காக அரசு ஆஸ்பத்திரி ஒன்றில் படுத்திருந்தபோதுதான் இது எனக்குத் தெரிந்தது. ஒரு தமிழ் நாளிதழின் நிருபராக அந்த ஊருக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. தலைமைச் செயலகத்தில் எந்த அதிகாரி எத்தனை மணிக்கு டீ குடிக்க வெளியே வருவார் என்று தெரியும். சாலை பஜாரின் அரிசி மண்டிக்காரர்கள் பலர் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுவார்கள். செய்தி முடிந்தால் பேச்சும் முடிந்துவிடும். அறைக்குத் திரும்பிய பிறகு மறுநாள் காலை வரை வாய் திறக்க வேண்டியிருக்காது. அப்பா, அம்மா போய்விட்டார்கள். உடன்பிறந்தவர்கள் கிடையாது.

ஆபரேஷன் அன்று காலை நர்ஸ் கோப்போடு வந்து, "பைஸ்டாண்டர் ஆரா?" என்று கேட்டார். யாரும் இல்லை என்றேன். அப்படியானால் ஆபரேஷனை இன்னொரு நாளைக்கு மாற்றிவிடலாம், ஆளைக் கூட்டிவாருங்கள் என்றார். யாரைக் கூட்டிவருவது என்று யோசித்தேன். அலுவலகத்தில் என்னைத் தவிர இருந்தவர் ஒருவர். அன்று அவர் சட்டசபைக்குப் போயிருந்தார். வேறு பெயர் எதுவும் நினைவுக்கு வரவில்லை.

பக்கத்துக் கட்டிலில் ஒரு கொத்தனார் ஈரல் கெட்டுப் படுத்திருந்தார். சங்கரன்கோவில் பக்கத்துக்காரர், திருவனந்தபுரத்தில் இருபது வருடமாகக் கட்டட வேலை. அவருக்குக் கூட நின்றது அவர் மனைவி. ஐம்பது வயதிருக்கும். அதுவரை என்னிடம் இரண்டு வார்த்தைகூடப் பேசியிருக்கவில்லை.

"என் பேரை எழுதிக்கோங்க" என்றார் நர்ஸிடம்.

என்ன உறவு என்று நர்ஸ் கேட்டார்.

"தம்பி."

அப்படித்தான் கோப்பில் ஏறியது. நான் உள்ளே இருந்த நேரம் முழுக்க அவர் வராந்தாவில் நின்றிருக்கிறார். பிறகு நான் நன்றி சொன்னபோது, "ஒரு மணிக்கூர் நேரம் வெளிய நின்னதுல நான் தேஞ்சா போயிட்டேன்?" என்று கேட்டார்.

அடுத்த நான்கு நாட்கள் அவர் வாங்கிவந்த கஞ்சியில் பாதி எனக்கு வந்தது. கொத்தனாருக்குப் பேசவே மூச்சு வாங்கும். ஆனாலும் கேலியை விடமாட்டார். "அம்பது வயசுல இவளுக்குத் தம்பி பொறந்திருக்கான். மச்சினன் வந்ததும் எனக்குக் கஞ்சி கொறஞ்சிபோச்சு" என்பார். அந்த அம்மாள் சிரிக்கமாட்டார். கணவரின் வாயைத் துடைத்துவிடுவார்.

வீட்டுக்குப் போகும் நாளில் அலுவலகத் தொலைபேசி எண்ணை ஒரு தாளில் எழுதி அந்த அம்மாளிடம் கொடுத்தேன். எதுவானாலும் கூப்பிடுங்கள், இரண்டு நாளில் வந்து பார்க்கிறேன் என்றும் சொன்னேன். ஒரு வாரம் அறையில் படுத்திருந்தேன். பிறகு வேலை. இரண்டு வாரம் கழித்து ஆரஞ்சுப் பழங்களோடு போனபோது அந்தக் கட்டிலில் வேறொருவர் இருந்தார். கொத்தனார் இறந்து ஐந்து நாளாகிவிட்டது என்றார் நர்ஸ். உங்களுக்கு போன் செய்தோமே என்றும் சொன்னார்.

அலுவலகத்தில் விசாரித்தேன். போனை எடுத்தது என் சக நிருபர். என் பெயரைச் சொல்லி, அவருடைய அக்கா பேசவேண்டும் என்கிறார் என்று யாரோ மலையாளத்தில் சொல்ல, இவர், அவருக்கு அக்கா தங்கை யாரும் கிடையாது என்று வைத்துவிட்டார். பத்திரிகைக்காரனின் உறவு என்று சொல்லிக்கொண்டு காரியம் முடிக்க வருபவர்கள் அதிகம். எங்களுக்கு அது பழகிப்போனது. அவர் சொன்ன தகவலும் சரியானதுதான்.

ஆஸ்பத்திரிக் கோப்பிலிருந்த முகவரியைத் தேடிப் போனேன். கரமனையில் ஆற்றை ஒட்டிய லைன் வீடு ஒன்றில் அந்த அம்மாள் இருந்தார். என்னைப் பார்த்ததும், "தையல் ஆறிச்சா?" என்று கேட்டார். அதன் பிறகுதான் உட்காரச் சொன்னார்.

கணவரை ஊருக்குக் கொண்டுபோக நினைத்திருக்கிறார். பத்திரிகையில் இருக்கிறவன், யாரிடமாவது ஒரு வார்த்தை சொல்லி வண்டி ஏற்பாடு செய்வான் என்றுதான் போன். வண்டி கிடைக்கவில்லை. மறுநாள் இங்கேயே எரித்துவிட்டார்கள். ஊரில் கொத்தனாரின் அம்மா உயிரோடு இருந்தார். அவருக்கு மகன் முகத்தைக் காட்ட முடியவில்லை.

உங்களைப் பற்றி நான் அலுவலகத்தில் யாரிடமும் சொல்லவில்லை, தவறு என்னுடையது என்றேன்.

"சொல்லுததுக்கு என்ன இருக்கு, நாலு நாள் பழக்கம்" என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அடுத்த வீட்டுப் பெண் ஒருத்தி வாசலில் நின்று, பதினாறாம் நாளைக்குக் கோடி போட யார் வருவார்கள் என்று கேட்டாள். கணவனை இழந்தவளுக்கு அன்று பிறந்த வீட்டார் புதுச்சேலை போடுவது அவர்கள் வழக்கம். இவருக்குப் பிறந்த வீட்டில் யாரும் மிஞ்சவில்லை. இங்கே யாராவது போட்டால் போதும் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது, நான் கொண்டுவருகிறேன் என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பினார்.

"சும்மா சொல்லிட்டுப் போகாத தம்பி. நீ வரலைன்னா, நாலு பேர் முன்னால கோடிக்குக் காத்து உக்காந்திருக்கது நானாக்கும்."

சாலை பஜாரில் ஒரு ஜவுளிக்கடைக்குப் போனேன். கடைக்காரர் திருநெல்வேலிக்காரர். எதற்கென்று சொன்னதும் விரித்த சேலைகளை மடித்து ஒதுக்கிவிட்டு உள்ளே போய் வேறொரு கட்டைக் கொண்டுவந்தார். விவரம் எதுவும் கேட்கவில்லை.

பதினாறாம் நாள் காலை, மலையடிவாரத்தில் கல்லாற்றில் வெள்ளம், சுற்றுலா வந்தவர்கள் அக்கரையில் மாட்டிக்கொண்டார்கள் என்று செய்தி வந்தது. மலைப்பாதைச் செய்திகள் என் பொறுப்பு. புறப்பட வண்டியும் வந்து நின்றது. நான் சக நிருபரிடம், என் அக்கா வீட்டில் பதினாறு, நான் போகவேண்டும் என்றேன். அவர் என் முகத்தையும் மேஜை மேலிருந்த ஜவுளிக்கடைப் பையையும் பார்த்தார். பிறகு கேமராவை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினார்.

லைன் வீட்டின் முன்னால் இருபது பேருக்கு மேல் இல்லை. அந்த அம்மாளை ஒரு பாயில் உட்காரவைத்திருந்தார்கள். நான் வருகிற திசையைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எப்படிப் போடுவதென்று எனக்குத் தெரியவில்லை. ஒரு கிழவர் என் முழங்கையைப் பிடித்து முன்னால் நகர்த்தினார். குனிந்து, சேலையை அந்த அம்மாளின் தோளில் போட்டேன்.

அப்போது அவர் என் கையைப் பற்றிக்கொண்டு அழுதார். ஆஸ்பத்திரியிலும் அன்று வீட்டிலும் நான் பார்க்காத அழுகை.

"அவுக அம்மைக்கு முகத்தைக் காட்டலையே, தம்பி."

அவர் கையை விடும்வரை குனிந்தபடியே நின்றேன். சுற்றி நின்ற பெண்கள் பந்திக்கு இலை போடப் போனார்கள்.