பாகம் பிரிக்காத நாய்

வீட்டைப் பாகம் பிரித்தபோது அம்மி எனக்கு, ஆட்டுரல் அவளுக்கு என்று எல்லாம் பேசி முடித்தார்கள். கிணறு அவள் பக்கம் போனது, வெந்நீர் அடுப்பு என் பக்கம் வந்தது. நடுவில் நெஞ்சு உயரத்துக்கு ஒரு சுவர். நாய்க்குட்டி யாருக்கு என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

அவள் என்றால் என் கொழுந்தன் பெண்டாட்டி. நான் மூத்தவள். எங்கள் மாமியாருடைய பதினாறாம் நாளன்று பந்தியில் உட்கார்ந்துகொண்டு, நான் வைத்த சாம்பாரை, "உப்பு தூக்கலா இருக்கே" என்றாள். சங்கரன்கோவிலில் என் கைப்பக்குவத்தைக் குறை சொன்னவர்கள் அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. அன்றைக்கு விட்ட பேச்சு. எங்கள் வீட்டுக்காரர்கள் இரண்டு பேரும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தார்கள். அப்போதும் கட்டிக்கொண்டு அழுதோமே தவிர, பேசவில்லை.

நாய் சிப்பிப்பாறைச் சாதி. ஒட்டின வயிறு, நீண்ட மூஞ்சி, முடி என்று சொல்ல ஒன்றும் கிடையாது. குளிர் அதற்கு ஆகாது. ஐப்பசி மழை விழுந்தால் சுவரைத் தாண்டி என் பக்கம் வந்துவிடும். வெந்நீர் இறக்கி அடுப்பு தணிந்ததும் சாம்பலில் படுத்து, சாம்பல் நிறத்திலேயே எழுந்து வரும். தை கழிந்து வெயில் உறைக்க ஆரம்பித்தால் அவள் பக்கம். கிணற்றடியில் துவைகல்லுக்குக் கீழே ஈரமண்ணைப் பறித்துப் போட்டுக் கிடக்கும். ஆடியில் மேல்காற்று புழுதியை வாரி அடிக்கும்போது அதற்கு இரண்டு வீடும் பிடிக்காது, தும்மிக்கொண்டே திரியும். கோயிலில் ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டமும் வேட்டுச் சத்தமும் ஓய்கிற வரைக்கும் யார் கட்டிலடி கிடைக்கிறதோ அங்கே.

நேர்ப்பேச்சு இல்லையே தவிர, சேதி போகாமல் இருந்ததில்லை. நாயிடம் சொல்லுவோம். "நாளைக்கு நல்ல தண்ணி வராதாம்லே, இன்னைக்கே பிடிச்சு வச்சுக்கிடணும்" என்று அவள் நாய்க்குச் சொல்லுவாள். நாயா குடம் பிடிக்கப் போகிறது? நான் பிடித்து வைப்பேன். "ஏலே, மக வீட்டுல பேத்தி பெரிய மனுசி ஆயிட்டா" என்று நான் சொன்னால், மறுநாள் சுவர்மேல் உளுந்தும் நல்லெண்ணெயும் இருக்கும். நாயும் சொல்கிறவர் முகத்தைப் பார்த்து, காதை மடக்கி, முழுசாகக் கேட்டுக்கொள்ளும். அந்தப் பொறுமை எங்கள் இரண்டு பேருக்கும் கிடையாது.

போன ஐப்பசியில் மழை வந்தது, நாய் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். கிணற்றடித் தாழ்வாரத்தில் சாக்குமேல் கிடந்தது. பின்னங்கால் இரண்டும் இழுத்துக்கொண்டிருந்தது.

"ஏலே, கால் வரலைன்னா தூக்கியாந்து விட அங்கன ஆள் இல்லையா?" என்றேன்.

"நாயே, ஒன்னயத் தூக்கிட்டு அந்த வாசல்ல போய் நிக்கணும்னு எனக்கென்ன தலையெழுத்து?"

"அப்பம் வெறைச்சுச் சாகு."

"நான் ஏன் சாக விடுதேன்?" என்றாள். இதை நாய்க்குச் சொன்னாளா எனக்குச் சொன்னாளா என்று தெரியவில்லை.

அவள் வீட்டில் எல்லாம் கேஸ் அடுப்பு. சாம்பலுக்கு எங்கே போவாள்? இரும்புச்சட்டியில் சாம்பலை அள்ளிச் சுவர்மேல் வைத்தேன். "கங்கு கெடக்கும்லே, பாத்துப் பரப்பணும், மேல சாக்கு போடணும்" என்றேன். சட்டி சாயங்காலம் திரும்பி வந்தது, கழுவித் துடைத்து. அதில் குறை சொல்ல முடியாது. கார்த்திகை, மார்கழி முழுக்க இப்படித்தான். மாட்டாஸ்பத்திரிக்கு அவள்தான் ஆட்டோவில் கொண்டுபோனாள். வந்து, "வயசாயிட்டுன்னு டாக்டரு சொன்னாருல்லா, குளிர் தாண்டினா உண்டுன்னாருல்லா" என்று நாயிடம் சொன்னாள். குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது, எனக்குக் கேட்க வேண்டுமே. நான் அடுப்பில் கூட இரண்டு விறகு வைத்தேன்.

நாய் போனால் எங்களுக்கு நடுவில் ஒரு வார்த்தை கிடையாது. அது இரண்டு பேருக்கும் தெரியும். தெரிந்துதான் அந்தப் பனியைத் தள்ளினோம்.

குளிரைத் தாண்டிவிட்டது. தையில் எழுந்துகூட நின்றது. மாசியில், சூடு ஏறத் தொடங்கியபோது, துவைகல்லுக்குக் கீழே அதன் பள்ளத்திலேயே செத்துக் கிடந்தது. அவள் மகன் கிணற்றடியிலேயே குழி வெட்டினான். சுவருக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். அவளும் பார்த்தாள். என்ன சொல்லுவது, யாரிடம் சொல்லுவது? உள்ளே போய்விட்டேன். இரும்புச்சட்டியைக் கவிழ்த்து வைத்தேன்.

அப்புறம் அந்தப் பக்கம் வாளிச் சத்தமும் துணி அடிக்கிற சத்தமும்தான். தண்ணீர் வராத நாளில் எனக்குக் குடம் காலியாகக் கிடந்தது.

பங்குனியில் ஒரு காலை, காக்காய்க்குச் சோறு கொண்டுபோய்ச் சுவர்மேல் வைத்தேன். காக்காய் வந்து உட்கார்ந்தது. துவைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"தின்னு காக்கா. உப்பு தூக்கலா இருக்கான்னு மட்டும் பாத்துத் தின்னு."

எனக்குச் சுள்ளென்று ஏறியது. "ஏ காக்கா, காக்காச் சோத்துல எவளாவது உப்புப் போடுவாளா? அதுகூடத் தெரியாத சிறுக்கிக்கு..." என்று ஆரம்பித்தேன்.

காக்காய் நாய் மாதிரி நிற்குமா? ஒரு வாய் கொத்திக்கொண்டு பறந்துவிட்டது. சுவர்மேல் சோறு மட்டும் இருந்தது. அவள் ஈரத்துணியைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பாதியில் விட்டுப் பழக்கமில்லை எனக்கு. மீதியை அவளிடமே சொல்ல வேண்டியதாகப் போயிற்று.

"வாய் மட்டும் நீளந்தான்டி ஒனக்கு" என்றேன்.

"இத்தனை வருசமா இது தெரியலையாக்கும் அக்காவுக்கு," என்றுவிட்டுத் துணியைப் பிழிந்தாள். "நாளைக்கு நல்ல தண்ணி வராது. பிடிச்சு வச்சுக்கிடுங்க."