பறக்கும் ரயிலில் ஓபராவுக்கு: செல்வமேரி அம்மாவுடன் ஒரு ஞாயிறு

இந்த வலைப்பதிவில் நான் எழுதியவற்றிலேயே மிகக் குறைந்த தூரப் பயணம் இதுதான். திருவான்மியூரில் கிளம்பி, நொச்சிக்குப்பம் போய், மயிலாப்பூரில் ஓர் ஓபரா பார்த்துவிட்டு வீடு திரும்பினேன். எல்லாம் சேர்த்து இருபது கிலோமீட்டர்தான் இருக்கும். ஆனாலும் எழுத ஆறு மாதம் பிடித்தது. ஏன் என்பது படிக்கும்போது தெரியும்.

ஜோஸ்பின் என்னோடு அடையாறில் ஒரு பள்ளியில் வேலை செய்கிறாள். நான் கணக்கு, அவள் இசை. வயது முப்பத்து மூன்று. எட்டு வயதில் சர்ச் பாடகர் குழுவில் சேர்ந்தவள், பிறகு ஒன்பது வருடம் மேற்கத்திய முறையில் குரல் பயிற்சி எடுத்தாள். பெண் குரல்களில் மிக உயரத்தில் பாடும் குரலுக்கு சொப்ரானோ என்று பெயர். அவளுடையது அந்த வகை. பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு, மயிலாப்பூரில் இருநூறு பேர் உட்காரக்கூடிய ஒரு பள்ளி அரங்கத்தில், ஒரு மணி நேர ஓபராவில் அவள்தான் முக்கியப் பாத்திரம். டிக்கெட் முந்நூறு ரூபாய்.

நிகழ்ச்சிக்கு மூன்று வாரம் முன்பு, ஆசிரியர் அறையில் யாரும் இல்லாத நேரத்தில் சொன்னாள்: கழுத்தில் தைராய்டு கட்டி, சோதனையில் சந்தேகமாக வந்திருக்கிறது, எடுத்தே ஆக வேண்டும். நிகழ்ச்சி முடிந்து வரும் புதன்கிழமை அறுவை சிகிச்சை. "பேச்சுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொல்றாங்க அக்கா. ஆனா குரலை மேல தூக்குற நரம்பு அந்த இடத்துக்குப் பக்கத்துலதான் போகுதாம். அது போச்சுன்னா மேல் ஸ்வரம் போயிடும். சிலருக்குத் திரும்ப வருது. சிலருக்கு வரல."

அதற்குப் பிறகுதான் கேட்டாள். "எங்கம்மா என்னை சர்ச்ல கேட்டதோட சரி. மேடையில கேட்டதே இல்ல. தனியா வரச் சொன்னா வரமாட்டாங்க. நீங்க கூட்டிட்டு வர முடியுமா? சின்னக் கட்டின்னு மட்டும்தான் சொல்லி வெச்சிருக்கேன். நீங்க எதுவும் சொல்லிடாதீங்க."

சரி என்று வாக்குக் கொடுத்தேன்.

எனக்கே ஓபரா பற்றி ஒன்றும் தெரியாது. அதனால் முந்தைய சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, கோட்டூர்புரத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது அறையில் நடந்த இலவச அறிமுக வகுப்புக்குப் போனேன். தூண்கள் மேல் ஓடும் சென்னையின் பறக்கும் ரயிலில் வந்து, கோட்டூர்புரம் நிலையத்திலிருந்து நடந்தால் பன்னிரண்டு நிமிடம். வந்திருந்தவர்கள் பதினோரு பேர். நிகழ்ச்சிக்கு பியானோ வாசிக்கப் போகிறவர்தான் வகுப்பெடுத்தார், உதவிக்கு ஜோஸ்பினும் வந்திருந்தாள்.

அவர் சொன்னதில் எனக்குப் பயன்பட்டதைச் சொல்கிறேன். ஓபரா ஒரு நாடகம். வசனம் முழுக்கப் பாட்டாகவே வரும். "தண்ணீர் கொண்டு வா" என்பதைக்கூடப் பாடித்தான் சொல்வார்கள். பேச்சுக்கு நெருக்கமாக வேகவேகமாகப் பாடும் இடங்களில் கதை நகரும். பிறகு கதை அப்படியே நின்றுவிடும். ஒருவர் மட்டும் தன் மனதில் இருப்பதை ஒரு முழுப் பாட்டாகப் பாடுவார். அதற்கு ஆரியா என்று பெயர். ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுவார்கள். கச்சேரியில் நிரவல் கேட்டுப் பழகியவர்களுக்கு இது புதிதாக இருக்காது. மொழி பெரும்பாலும் இத்தாலியனோ ஜெர்மனோவாக இருக்கும், மேடைக்கு மேலே ஒரு திரையில் பொருள் ஓடும்.

மைக் கிடையாது என்று அவர் சொன்னபோது நான் சரியாக வாங்கிக்கொள்ளவில்லை. மின்விசிறிகளை நிறுத்தச் சொல்லிவிட்டு, ஜோஸ்பினை அறையின் அந்தக் கோடியில் நிற்க வைத்து ஒரே ஒரு வரி பாடச் சொன்னார். ஜன்னல் கண்ணாடி லேசாக அதிர்ந்தது. தினமும் என் பக்கத்தில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிடுகிற பெண்ணின் உடம்புக்குள் இது இருந்தது என்று எனக்கு அதுவரை தெரியாது.

இனி அந்த ஞாயிறு. மதியம் 1.10க்குத் திருவான்மியூரில் பறக்கும் ரயில் ஏறினேன். டிக்கெட் ஐந்து ரூபாய். ஞாயிற்றுக்கிழமைகளில் ரயில் குறைவு, நேரம் பார்த்துக் கிளம்புங்கள். 1.30க்குக் கலங்கரை விளக்கம் நிலையத்தில் இறங்கி, கடற்கரைப் பக்கமாகக் கால் மணி நேரம் நடந்தால் நொச்சிக்குப்பம். சாலையோரமாக இருந்த மீன் கடைகள் இப்போது பெரும்பாலும் புதுச் சந்தைக் கட்டடத்துக்குள் போய்விட்டன. ஜோஸ்பினின் தாய் செல்வமேரி அம்மாவுக்கும் உள்ளே ஓர் இடம் இருக்கிறது.

ஞாயிறு அவருக்கு வியாபாரம் அதிகம் உள்ள நாள். நான் போனபோது தட்டில் கொஞ்சம் சங்கரா மீனும் ஒரே ஒரு பெரிய கொடுவாவும் மீந்திருந்தன. அறுபதைத் தாண்டியவர், ஒல்லி, குரல் மட்டும் கனம்.

"நீதான் கணக்கு டீச்சரா? வா, வா. எம் பொண்ணு சொல்லிக்கினேதான் கீது, டீச்சர் வருவாங்க, ரெடியா இருன்னு. இத்த முடிச்சிட்டு வந்துர்றேன்."

கொடுவாவைப் பக்கத்துக் கடைக்காரியிடம் தள்ளிவிட்டுவிட்டு என்னை வீட்டுக்கு அழைத்துப்போனார். குடியிருப்பில் மூன்றாவது மாடி. குளித்து, பச்சைப் பட்டுப்புடவை கட்டி, பவுடர் போட்டு 2.40க்கெல்லாம் தயாராகிவிட்டார். நான் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டேன். அவர் கட்டிலில் உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை.

"டீச்சர், ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லு. புதன்கெழம இன்னா பண்ணப் போறாங்க அதுக்கு?"

"கழுத்துல சின்னக் கட்டிம்மா. எடுத்துடுவாங்க."

"அது எனக்கும் சொல்லிச்சு. சின்னக் கட்டின்னா இன்னாத்துக்கு இது ரெண்டு வாரமா விடாம பாடிக்கினு கீது? இனிமே பாடவே முடியாதுன்ற மாதிரி பாடுது. எனக்கு ஓபரா தெரியாது. எம் பொண்ண தெரியும்."

நான் செருப்பைக் கழற்றிவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். பொய் சொல்ல ஒரு நிமிடம் முயன்றேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் வரவில்லை.

"பேச்சு வரும்மா. பாட்டும் வரும். ஆனா ரொம்ப மேல போகுதே, அந்தக் குரல் திரும்ப வருமான்னு டாக்டருக்கே உறுதியாச் சொல்ல முடியல."

"எப்ப தெரியும்?"

"ஆறு மாசம் ஆகலாம்னு சொல்லியிருக்காங்க."

கீழே யாரோ குழாயடியில் குடம் வைக்கும் சத்தம் கேட்டது.

"உங்கிட்ட சொல்லிச்சு. எங்கிட்ட சொல்லல."

"நீங்க பயப்படுவீங்கன்னு நெனச்சிருப்பா."

"பயப்படத்தான் செய்வேன். அதுக்கு?" என்றார். பிறகு, "வா, நேரமாவுது" என்று எழுந்து கதவைப் பூட்டினார்.

ஆட்டோ நூற்று இருபது ரூபாய், மயிலாப்பூருக்கு இரண்டரை கிலோமீட்டர். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்து, "பட்டுப்புடவையெல்லாம் கட்டிக்கினு எங்கம்மா, கல்யாணமா?" என்று கேட்டார். "எம் பொண்ணு பாடுது," என்றார் செல்வமேரி அம்மா.

3.20க்கு அரங்கத்தில் இருந்தோம். வாசலில் கதைச் சுருக்கத்தைத் தமிழில் ஒரு தாளில் அச்சடித்துத் தந்தார்கள். அதை முன்கூட்டியே படித்துவிடுவது நல்லது. ஓபராவில் முடிவு தெரிந்துவிட்டால் சுவை கெட்டுவிடாது, நிம்மதியாகக் கேட்கலாம். அவருக்கு நான் மெதுவாகப் படித்துக் காட்டினேன். ஒரு பெரிய வீட்டில் துணி வெளுக்கும் பெண். அந்த வீட்டு மகன் மேல் அவளுக்கு ஆசை, அவனிடம் சொன்னதில்லை. அவன் போருக்குப் போகிறான். அவனுடைய சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைத்துக் கொடுக்க வேண்டியது அவள் வேலை. கதை அவ்வளவுதான்.

"துணி மடிக்கிறதுக்கு ஒரு மணி நேரமா?" என்று கேட்டார்.

முதல் பத்து நிமிடம் உங்களுக்கும் கஷ்டமாக இருக்கும் என்று நினைக்கிறேன். எனக்கு இருந்தது. குரல் ஏன் இப்படி நடுங்குகிறது, ஏன் எல்லாரும் கோபமாக இருப்பதுபோல் பாடுகிறார்கள் என்று தோன்றும். எனக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். ஒரு பியானோவும் இரண்டு வயலினும் மட்டும்தான் வாத்தியங்கள். நான் மேலே திரையைப் படிப்பதும் கீழே மேடையைப் பார்ப்பதுமாகத் திணறினேன். செல்வமேரி அம்மா திரை பக்கமே திரும்பவில்லை. கொஞ்ச நேரத்தில் நானும் விட்டுவிட்டேன். அதன்பிறகுதான் எனக்கு எதுவோ கேட்க ஆரம்பித்தது.

கடைசி ஆரியா எட்டு நிமிடம். மேடையில் ஒரு மேசை, ஐந்து சட்டைகள், ஜோஸ்பின் மட்டும். ஒவ்வொரு சட்டையாக மடிக்கிறாள். ஒரே வரிதான்: காலர் இன்னும் சூடாக இருக்கிறது. முதலில் அதைச் சாதாரணமாக, வேலை செய்கிறவள் முணுமுணுப்பதுபோல் பாடினாள். ஒவ்வொரு சட்டைக்கும் வரி ஒரு படி மேலே ஏறியது. ஐந்தாவது சட்டையை மடிக்காமல் கையில் பிடித்துக்கொண்டு அந்த உச்ச ஸ்வரத்துக்குப் போனாள். கத்தவில்லை. மெல்லியதாக எடுத்து, அதைப் பெரிதாக்கி, மறுபடி மெல்லியதாக்கி, சத்தம் எங்கே முடிந்தது என்று தெரியாத இடத்தில் விட்டாள். கைதட்டல் வரக் கொஞ்சம் நேரம் ஆனது.

செல்வமேரி அம்மா கைதட்டவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாரும் எழுந்த பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஒப்பனை அறையாக மாற்றியிருந்த வகுப்பறையில் ஜோஸ்பின் முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். அம்மா நேராகப் போய் அவள் தொண்டையில் கையை வைத்தார்.

"கடைசியா மேல போனியே, அப்ப வலிச்சுதா?"

"இல்லம்மா."

"அப்ப செரி."

ஜோஸ்பின் அம்மாவின் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தாள். "சொல்லிட்டீங்களா?"

"கேட்டாங்க," என்றேன்.

5.40க்குத் திருமயிலை நிலையத்தில் ரயில் ஏறி வீட்டுக்கு வந்தேன். அன்று அனுப்பிய செய்திக்குப் பதில் இல்லை. புதன்கிழமை அனுப்பியதற்கும் இல்லை.

அடுத்த திங்கள் மாலை பள்ளி முடிந்து அவள் வீட்டுக்குப் போனேன். கழுத்தில் கட்டு. பத்து நாள் பேசக்கூடாது என்பதால் ஒரு நோட்டில் எழுதினாள். 'நான் ஆஸ்பத்திரியில் இருந்த நான்கு நாளும் அம்மா கடைக்குப் போகவில்லை. கண் திறக்கும்போதெல்லாம் பக்கத்தில் இருந்தாங்க. தெரியாமல் இருந்திருந்தால் மீன் விற்கப் போயிருப்பாங்க.' அடுத்த வரியைக் கொஞ்சம் யோசித்து எழுதினாள். 'ஆனாலும் அது நான் சொல்ல வேண்டியது அக்கா.'

அந்த நோட்டை வாங்கி, கீழே 'மன்னிச்சுக்கோ' என்று எழுதிக் கொடுத்தேன். எனக்குப் பேசத் தடை இல்லை. இருந்தும் எழுதத்தான் முடிந்தது. அவள் அதைப் படித்துவிட்டு நோட்டை மூடி, எனக்கு டீ போடச் சொல்லி அம்மாவுக்குச் சைகை காட்டினாள்.

கட்டி பயப்படும்படி இல்லை என்று முடிவு வந்தது. பேச்சு வந்துவிட்டது. ஆறு மாதம் ஆகிவிட்டது, உச்சியில் இருந்த மூன்று ஸ்வரங்கள் வரவில்லை. இனி வரும் என்று யாரும் சொல்லவில்லை. பயிற்சிக்குப் போகிறாள், கீழ்க் குரலுக்கான பாடங்களைப் புதிதாக எடுத்திருக்கிறாள். சில நாள் பியானோ அறையிலிருந்து வெளியே வரும்போது அவள் முகத்தைப் பார்த்தால் நான் எதுவும் கேட்பதில்லை. நான் சொன்னது சரியா தவறா என்று எனக்கு இன்னும் முடிவாகத் தெரியவில்லை. மறுபடி அதே கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார நேர்ந்தால் மறுபடியும் சொல்லிவிடுவேன் என்று மட்டும் தெரிகிறது.

நீங்கள் போவதாக இருந்தால்: முதல்முறைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேற்படாத நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுங்கள். மைக் இல்லாததால் முன்பக்கம், நடுவில் உட்காருங்கள். நாங்கள் ஐந்தாவது வரிசை, அது நல்ல இடம். ஏசி குளிரும், சால்வை வேண்டும். பாட்டு முழுதாக முடியும்வரை கைதட்ட வேண்டாம், சந்தேகமாக இருந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் தட்டட்டும் என்று விட்டுவிடுங்கள். ஆட்டோவைவிடத் திருமயிலை நிலையத்திலிருந்து நடந்து போவது வேகம். முதல் பத்து நிமிடம் பிடிக்கவில்லை என்று எழுந்து போய்விடாதீர்கள்.

போன வாரம் அதே அரங்கத்தில் ஒரு மாலை நிகழ்ச்சி. செல்வமேரி அம்மா இந்த முறை தானாகவே பஸ் பிடித்து வந்து, எனக்கு முன்பே ஐந்தாவது வரிசையில் எனக்கும் இடம் பிடித்து வைத்திருந்தார். பதினான்கு பெண்கள் சேர்ந்து பாடினார்கள். ஜோஸ்பின் பின்வரிசையில் கீழ்க் குரல்காரர்களோடு நின்றாள். எனக்கு எவ்வளவு முயன்றும் அவள் குரலைப் பிரித்துக் கேட்க முடியவில்லை. அம்மா பக்கம் சாய்ந்து, "இதுல ஜோஸ்பின் குரல் எதுன்னு உங்களுக்குத் தெரியுதாம்மா?" என்று கேட்டேன்.

"பேசாத டீச்சர்," என்றார், மேடையிலிருந்து கண்ணை எடுக்காமல். "பாடிக்கினு கீது."