யூரியாப் பைக்குக் கீழே

காலை ஆறு நாற்பது. மட்டக்களப்பு வாவிக் கரையில் முதலில் கண்ணில் படுவது, நீண்ட மண்மேடு ஒன்றின் முன் நிற்கும், மண் தள்ளும் மஞ்சள் டோசர். போர் முடிந்து ஓராண்டு ஆகிறது. இவ்வழியே புதுப் பாதை வருகிறது. மேடு போர்க்கால மண் அணைதான் என்கிறார்கள் பாதை போடுபவர்கள். ராசா காலத்துப் பழைய நகரத்தின் மதில் உள்ளே இருக்கிறது என்கிறார் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த விரிவுரையாளர். நிரூபிக்க அவருக்கு நண்பகல்வரை நேரம். இல்லையேல் டோசர் மேட்டைத் தள்ளிவிடும்.

குழிக்குள் மண்வெட்டியுடன் நிற்பவர் கூலிக்கு வந்த பரஞ்சோதி அம்மா. மண் சுமக்கும் வாளிகள் சுனாமி நிவாரணத்தில் கிடைத்தவை.

ஒன்பது மணிக்கு, போர்க்கால மண்மூட்டையாக இருந்த கிழிந்த யூரியா உரப் பை ஒன்று வெளியே வருகிறது. டோசர் சாரதி சிரிக்கிறார். "சேர், உங்கட ராசா யூரியா பேக்குல மண் நிரப்பியா கோட்டை கட்டினவர்?"

பரஞ்சோதி நிமிராமலே, மகனிடம் பேசுவதுபோல் சொல்கிறார்: "பொறு மனே. இடம்பெயர்ந்த இடமெல்லாம் பங்கர் குழி வெட்டின கை இது. கொட்டின மண்ணும் கிடந்த மண்ணும் எனக்குத் தெரியும். மேல உள்ளது கொட்டினது. கீழ வெட்டுற சத்தம் வேற."

மண்வெட்டியை வைத்துவிட்டுக் கொத்துக்கரண்டியால் சுரண்டுகிறார். ஒரு செங்கல், பக்கத்தில் இன்னொன்று, பிறகு வரிசை. பத்தரைக்குள் ஆறு வரிசைகள், மேட்டின் போக்கிலேயே ஓடுகின்றன. வாளி சுமந்த பெண்கள் குரவையிடுகிறார்கள். விரிவுரையாளர் செருப்போடு குழிக்குள் குதிக்கிறார்.

"இப்ப சொல்லு மனே, இதுவும் யூரியாவா?" என்று கேட்கிறார் பரஞ்சோதி.

சாரதி இறங்கிவந்து செங்கல்மேல் கையை விரித்து வைக்கிறார். செங்கல் கையைவிட அகலம்; இந்தக் காலத்துச் செங்கல் இந்த அளவில் வராது. "ஓம் அம்மா, ராசாதான்."

பதினொன்று இருபதுக்கு டோசர் வந்த வழியே திரும்பிப் போகிறது.