பாரந்தூக்கியில் இருந்து நான் கேட்ட வரம்

எனக்குச் சந்தோஷம் வந்தால் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் பயம் வந்துவிடும்.

எங்கள் கோயில் மலரில் இதை வாசிக்கும் அடியார்களில் பலர் என்னை அறிவீர்கள். கோயில் அன்னதானத்தில் சாம்பார் வாளியோடு பகிடி விட்டு எல்லாரையும் சிரிக்க வைத்துத் திரிபவன். அந்தப் பகிடிக்காரனுக்கு ஒரு வருத்தம் இருப்பது அநேகருக்குத் தெரியாது. இருமுனை மனநோய் என்று டொக்டர் சொல்லுவார். சில காலம் எழும்ப மனமில்லாமல் கிணற்றுக்குள் விழுந்தவன்போலக் கிடப்பேன். சில காலம் மேலே மேலே ஏறுவேன். நித்திரை வேண்டாம், சாப்பாடு வேண்டாம், துறைமுகமே என் காணி என்று தோன்றும். டொக்டர் தரும் மருந்துக் குளிசை குடித்தால் நடுவில் நிற்பேன். ஆகவே நான் பகிடி விட்டால் என் மனைவி மாலினி சிரிப்பதற்கு முன் என் கண்ணைப் பார்ப்பாள். பேசுவது நானா, வருத்தமா என்று அவளுக்குத் தெரியவேண்டும். சில வேளை எனக்கே தெரியாது.

போன வருடம் என் பாரந்தூக்கி வேலை போனது. நான் மனநோய்க் கிளினிக்குக்குப் போவதை யாரோ கண்டு முதலாளியிடம் சொல்லிவிட்டார்கள். அவர் என்னை ஏசவில்லை. "கொஞ்ச நாள் வீட்டில இருந்து ஆறுதல் எடும்" என்றார். அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை. பிறகு வேலை கேட்டுப் போன இடமெல்லாம் அந்தக் கதை எனக்கு முன்னே போய்க் கதிரையில் இருந்தது.

மாசி மாதம், சீனன்குடாப் பக்கம் ஒரு இறங்குதுறையில் பாரந்தூக்கி இயக்க ஆள் தேடுவதாக அறிந்தேன். எனக்குத் தெரிந்த ஒரே தொழில் அது. ஆனால் வருத்தத்தைச் சொல்வதா, மறைப்பதா? மாலினியின் தம்பி ரவிக்குச் சந்தேகமே இல்லை.

"அத்தான், வாயைத் திறந்தீங்களோ முடிஞ்சுது. விசரன் எண்டு கேற்றிலயே திருப்பி அனுப்புவாங்கள்."

"ஆக்களின்ர தலைக்கு மேலால சாமான் தூக்கிற வேலையடா" என்றாள் மாலினி. "சொல்லாம எப்பிடி?"

கோயிலில் பூக்கட்டிப் பார்த்தேன். வெள்ளைப் பூ வந்தால் சொல்வது, சிவப்பு வந்தால் மறைப்பது. இரண்டையும் தனித்தனி இலையில் சுற்றிப் பிள்ளையார் முன் வைத்து, ஐயரை ஒன்றை எடுக்கச் சொன்னேன். வெள்ளை. திரும்பவும் கட்டினேன். வெள்ளை. மறுபடி கட்டப் போக, ஐயர் என் கையைப் பிடித்தார்.

"தம்பி, சுவாமிக்குக் காது கேக்கும். உமக்குத்தான் கேக்கேல்ல."

சிரித்துச் சமாளித்தேன். வீட்டுக்கு வந்து பிள்ளையாரோடு தனியாகப் பேரம் பேசினேன். குளிசையால் என் விரல்கள் மெல்ல நடுங்கும். கை நடுக்கத்தை மட்டும் நிற்பாட்டித் தாரும், சொல்லவேண்டிய தேவையே வராது என்று கேட்டேன். பிள்ளையாருக்கு உதவியாக நானும் குளிசையை நிற்பாட்டினேன்.

நடுக்கம் நின்றது. பிள்ளையார் மனம் மாறிவிட்டார் என்றே எடுத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமைப் பூசை முடிய எழும்பி நின்று, அவர் என்னைச் சுகப்படுத்திவிட்டார் என்று எல்லாருக்கும் அறிவித்தேன். என்ன வருத்தம் என்று சொல்லவில்லை. உங்களில் சிலர் கை தட்டினீர்கள். உங்களில் பிழையில்லை, நான் நன்றாகத்தான் பேசினேன். மிக நன்றாக. நிறுத்தாமல்.

வரும் வழியில் மாலினி கேட்டாள்.

"குளிசை குடிக்கிறீங்கள்தானே?"

"ஓம் ஓம் ஓம்."

"ஒரு ஓம் காணும்" என்றாள்.

நித்திரை குறைந்தது. குடாவின் தண்ணீர் கண் கூசுமளவு மினுங்கியது. காகங்கள்கூட என்னைப் பாராட்டின. எனக்கு இதைவிடக் கெட்ட அறிகுறி கிடையாது. அதை அறிய வேண்டிய ஒருவன் மட்டும் அறியவில்லை.

தேர்வு நாள் வந்தது. மேற்பார்வையாளர் நஸாரை அண்ணன் முறையில் நானா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். அவர், "வருத்தம் ஏதும் இருக்கா தம்பி?" என்று கேட்டார்.

"சாப்பாட்டு வருத்தம் மட்டும்தான் நானா. ஒரு கோப்பை காணாது."

எல்லாரும் சிரித்தார்கள். நான் ஏணியில் ஏறினேன்.

மேலே கண்ணாடிக் கூண்டு. கீழே வலையில் கட்டிய சீமெந்து மூட்டைகள். தூக்கினேன். கை கல்லுப்போல நின்றது. மஞ்சள் தொப்பி போட்ட தொழிலாளி ஒருவர் எனக்கு முதுகு காட்டி, யாரையோ கூப்பிட்டுக்கொண்டு நின்றார். அப்போது அந்த எண்ணம் வந்தது. மூட்டைகளை அவர் தலைக்கு மேல் இறக்கி, தொப்பியில் படாமல் நூலிழை இடைவெளியில் நிறுத்தினால் எவ்வளவு பகிடியாக இருக்கும்! என்னால் முடியும். நான் தவறமாட்டேன். எனக்குத் துளி பயமும் இல்லை.

வலை அவரை நோக்கி நகரத் தொடங்கியது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"பிள்ளையாரே" என்று என் வாயில் வந்தது. பழக்கத்தில் வந்த சொல். அதற்குப் பின்னால், நான் கேட்க நினைக்காத ஒரு வரமும் வந்தது. "என்ர கையை எடும்."

கை எடுபட்டது. இரண்டு கைகளும் பிடியை விட்டு மடியில் விழுந்தன. பிடியை விட்டால் இயந்திரம் நின்றுவிடும். வலை ஆடி ஆடி நின்றது. அதன் நிழல் அவருடைய காலில் இருந்த சப்பாத்துக்கு அருகே கிடந்தது. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. அந்தப் பயத்தைப் போல ஒரு பிரசாதம் எனக்கு வேறு கிடைத்ததில்லை.

வோக்கிடோக்கி கரகரத்தது. "என்ன தம்பி, நிப்பாட்டிட்டீங்க?"

"நானா, எனக்கு மனநோய் இருக்கு. குளிசையை விட்டுட்டன். நான் இதைத் தொடக்கூடாது. அந்த அண்ணையைத் தள்ளி நிக்கச் சொல்லுங்கோ, வேற ஆளை மேல அனுப்புங்கோ."

அந்த அலைவரிசையை இறங்குதுறை முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தது. ஒருவருக்குச் சொல்லப் பயந்தவன் எல்லாருக்கும் ஒலிபரப்பினேன்.

இறங்கி வந்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை. நஸார் நானா தன் தண்ணீர்ப் போத்தலைத் தந்தார்.

"கீழ வச்சே சொல்லியிருக்கலாமே தம்பி."

"சொல்லியிருந்தா ஏற விட்டிருப்பீங்களா நானா?"

அவர் யோசித்தார். "இல்ல" என்றார். பிறகு, "மருந்தெடுத்துச் சுகமாகி வாங்க. தரையில என்ன வேலை இருக்கு எண்டு பாப்பம்."

அன்றே ரவி என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். "டொக்டரிட்டயாவது வாயைத் திறவுங்கோ அத்தான்" என்றான். "நடுக்கம் எண்டா என்னட்டச் சொல்லியிருக்கலாமே, அளவை மாத்தலாம்" என்றார் டொக்டர். ஏறியவன் இறங்கத்தானே வேண்டும். கிணற்றையும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் மீண்டேன்.

இப்போது அதே இறங்குதுறையின் களஞ்சியத்தில் பகல் வேலை செய்கிறேன். பாரந்தூக்கி எனக்கு இனி இல்லை. நான் வேகமாகப் பகிடி விட்டால் மாலினிக்குத் தொலைபேசி எடுக்கவேண்டும் என்று நஸார் நானாவிடம் நானே சொல்லி வைத்திருக்கிறேன். வருத்தம் போய்விடவில்லை. வெளியே எங்கோ நின்றுகொண்டிருக்கிறது. நல்ல வெயில் நாளில் அதன் காலடி கேட்கும்.

என்னைப்போல் ஒளித்துக்கொண்டிருப்பவர்கள் இதை வாசித்தால், பிள்ளையாரை நம்புங்கள். குளிசையை விடாதீர்கள், அதுவும் அவர் தருவதுதான். எல்லா முதலாளியும் நஸார் நானா அல்ல என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும், உங்கள் கையில் இன்னொருவர் உயிர் இருக்கும் வேலையென்றால், ஏணியில் ஏறுவதற்கு முன் சொல்லுங்கள். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் நான் கூட வருகிறேன்.

இதை எழுதி முடித்ததும் முதலில் அந்த மஞ்சள் தொப்பி அண்ணைக்குத்தான் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வாசித்துக் காட்டினேன். நான் நினைத்த பகிடி என்னவென்று அவருக்கு அதுவரை தெரியாது. தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். பிறகு தன் சோற்றுப் பார்சலில் பாதியை என் பக்கம் தள்ளினார்.

"தின்னும்" என்றார். "குளிசைக்கு வெறும் வயிறு கூடாது."