பாபிலோன் நானாவுக்குத் தெரியாத இடம்

கண்டிப் பக்கத்து மடவளை பஸாரில் இறங்கி ஹாஷிம் என்று கேட்டுப் பாருங்கள். எந்த ஹாஷிம், ஆணிக்கடை ஹாஷிமா, ரொட்டிக்கடை ஹாஷிமா என்று உங்களை நாலு பக்கம் சுற்றவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். பாபிலோன் நானா (அண்ணனை நாங்கள் நானா என்போம்) என்று கேளுங்கள், நடக்கப் பழகிய பிள்ளைகூடக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் அந்தத் துணிக்கடை வாசலில் விட்டுவிடும்.

கடை என்று பெரிதாக ஒன்றுமில்லை. பத்தடி அகலம், ஒரு கண்ணாடி அலுமாரி, ஒரு மேசை, துணி அளக்கிற ஒரு யார்க்கோல். அந்தக் கோலைத் துணியில் வைத்தாரென்றால் வாய் தானாகத் திறந்துவிடும். "சுமேரியன் தண்ணியாலதான் எழும்பினான், தண்ணியாலதான் விழுந்தான். வாய்க்கால் வெட்டி வெட்டி நெலத்தில உப்பு ஏறிச்சு. மொதல்ல கோதும போச்சு, பொறகு வாற்கோதும போச்சு, கடைசியில ஊரே போச்சு." சட்டைத் துணி வாங்க வந்த பெண் என்ன செய்வாள், பாவம். தலையை ஆட்டிக்கொண்டு நிற்பாள். பக்தாத் விழுந்த அன்றைக்கு எனக்கு அரை யார் துணி குறைந்துபோனது என்று ஒரு மாமி கலியாண வீடுகளில் சொல்லிச் சிரிப்பாள். அவள் பொய் சொல்லவில்லை. மங்கோலியன் ஹுலாகு படையோடு பக்தாத்துக்குள் நுழைகிற கட்டம் வந்தால் ஹாஷிமின் கத்தரிக்கோல் உண்மையிலேயே கோணிப்போகும்.

எழுபத்து மூன்று வயது. படித்தது எட்டாம் வகுப்பு. ஆனால் நினிவே விழுந்த வருஷம் கேளுங்கள், கார்த்தேஜ் எரிந்த வருஷம் கேளுங்கள், மூச்சுவிடாமல் சொல்வார். எந்த ராஜாவை எந்தப் பக்கம் தலைவைத்துப் புதைத்தார்கள், கூட என்னென்ன வைத்தார்கள், எல்லாம் விரல் நுனியில். உலகத்தில் அழிந்த ஊர் அத்தனைக்கும் கதை வைத்திருந்த அந்த மனிதர், தன்னுடைய சொந்த ஊரைப் பற்றி மட்டும் வாயே திறக்கமாட்டார். அவருடைய ஊர் பழைய தெல்தெனிய. விக்டோரியா அணையைக் கட்டித் தண்ணீரை மறித்தபோது, எண்பத்து நாலாம் வருஷம், கடைத்தெருவும் பள்ளிவாசலும் ஆட்களை அடக்கிய மையவாடியுமாக முழு ஊரும் நீருக்குள் போனது. "உங்கட ஊரும் விழுந்த ஊர்தானே நானா, அதச் செல்லுங்களேன்" என்று யாராவது சீண்டினால், துணியை மடித்துப் பையில் போட்டுக் கொடுத்துவிடுவார். அன்றைக்கு அவ்வளவுதான் பேச்சு.

அதற்குக் காரணம் இருந்தது. அந்தக் காரணத்துக்கு மூன்று வயது, பெயர் ஷஹ்மா.

மூத்த பிள்ளை. ஊர் மூழ்குவதற்கு இரண்டு வருஷம் முன்னால் காய்ச்சல் வந்தது, மூன்றாம் நாள் போய்விட்டாள். எங்கள் முஸ்லிம் ஆட்களில் பெண்கள் மையவாடிக்குப் போகும் வழக்கமில்லை. தாய் வாசலோடு நின்றுவிடுவாள். ஹாஷிமின் மனைவி றலியாவும் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படித்தான் நின்றாள். வெள்ளைத் துணியில் சுற்றிய பிள்ளையைத் தன் இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு போனவர் ஹாஷிம்தான். கபுருக் குழியருகே போனதும் குனிந்து இறக்க அவரால் முடியவில்லை. பிள்ளையை றலியாவின் மூத்த சகோதரர் அமானின் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி, மதிலில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றார். மண் விழுகிற சத்தம் கேட்டது. தலைமாட்டிலும் கால்மாட்டிலும் மீஸான் பலகை இரண்டும் நட்டு, துஆ ஓதி, எல்லோரும் கலைந்து போகும்வரை அவர் திரும்பவேயில்லை. இடம் எது என்று ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

பார்க்கலாம், பார்க்கலாம் என்று நாள் போனது. வெள்ளிக்கிழமைகளில் அஸர் தொழுகைக்குப் பிறகு, பிள்ளையின் கபுரைப் பார்த்து சியாரத் செய்துவிட்டு வருகிறேன் என்று றலியாவிடம் சொல்லிவிட்டுப் புறப்படுவார். மையவாடிக் கேற்றுவரை போவார். உள்ளே கால் வைக்க முடியாது. பக்கத்துத் தெருவில் வாசிகசாலை இருந்தது, அங்கே போய் உட்கார்ந்துவிடுவார். உலக வரலாறு என்று ஒரு தடித்த புத்தகம் அங்கே அகப்பட்டது. லட்சம் பேர் செத்த கதையைப் படிக்கும்போது ஒரு பிள்ளை செத்தது கொஞ்சம் சின்னதாகத் தெரிந்தது. பாபிலோன் நானா பிறந்தது அந்த வாசிகசாலையின் மர வாங்கில்தான். பொழுது சாய வீட்டுக்கு வருவார். "பிள்ளைட கபுரில புல்லு மொளச்சீக்கா?" என்று றலியா கேட்பாள். "பிடுங்கிட்டேன்" என்பார். ஒரு வருஷம் முழுக்க இல்லாத புல்லைப் பிடுங்கினார் மனுஷன்.

பிறகுதான் தண்ணீர் வரப்போகிற செய்தி வந்தது. பள்ளிவாசலில் ஊர் ஜமாஅத்தைக் கூட்டினார்கள். புதிய கபுர்களைத் தோண்டி மேட்டு நிலத்துக்கு மாற்ற விரும்புகிறவர்கள் மாற்றலாம், விட்டாலும் குற்றமில்லை, அது குடும்பத்து ஆண்களின் முடிவு என்று மௌலவி சொன்னார். விருப்பமுள்ளவர்கள் சனிக்கிழமை காலை மண்வெட்டியோடு வந்து தங்கள் இடத்தைக் காட்ட வேண்டும். றலியா வீட்டிலிருந்து சொல்லியனுப்பியிருந்தாள், என்ட பிள்ளையத் தண்ணிக்குள்ள விட்டுட்டு வராதீங்க என்று. இடம் தெரிந்த அமான் சவூதியில் றியாத்தில் வேலைக்குப் போயிருந்தார். ஹாஷிம் எந்த இடத்தைக் காட்டுவார்? எழுந்து நின்றார்.

அரை மணித்தியாலம் பேசினார். எகிப்து ராஜாக்கள் பிர்அவ்ன்களின் கபுர்களைத் தோண்டி எடுத்துக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காசுக்குக் காட்டுகிறார்களே, அந்தக் கேவலம் எங்கள் மையித்துகளுக்கும் வேண்டுமா என்று கேட்டார். பெரிய பெரிய நாகரிகமெல்லாம் மண்ணோடு போனது, மண்ணை மண்ணோடு விடுங்கள் என்றார். சில பேர் கண்ணைத் துடைத்தார்கள். பதினொரு குடும்பம் மாற்றியது, மற்றவர்கள் விட்டுவிட்டார்கள். ஊருக்கே உபதேசம் செய்தவர், எனக்கு இடம் தெரியாது என்ற மூன்று சொல்லைச் சொல்ல வெட்கப்பட்டு ஒரு சரித்திரத்தையே இழுத்து மூடிக்கொண்டார். அமான் திரும்பி வந்தபோது ஊர் தண்ணீருக்குள் போய் நாலு வருஷம். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன முழம் என்ன என்று ஹாஷிம் அவரிடம் கேட்கவில்லை. அமானும் மௌத்தாகி, மண்ணுக்குள் போய்ப் பத்து வருஷமாகிறது.

றலியா அதற்காகச் சண்டை பிடிக்கவில்லை. அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. பின்னால் மூன்று பிள்ளைகள் பிறந்தார்கள், வளர்ந்தார்கள், கலியாணம் முடித்தார்கள். இந்த வருஷம் சீனி வியாதி அவளுடைய கண்ணுக்கு வந்தது. இடது கண் போய்விட்டது, வலது கண்ணுக்கும் உத்தரவாதமில்லை என்று கண்டிக் கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். அதே வருஷம் பார்த்து மழையும் பொய்த்தது. விக்டோரியாத் தண்ணீர் இறங்கி இறங்கி, பழைய தெல்தெனிய வெளியே வந்தது. முன்னேயும் வந்திருக்கிறது. அப்போதெல்லாம் சேறு ஆளை விழுங்கும், பொலிஸ் விடாது என்று ஹாஷிம் ஏதாவது சொல்லித் தட்டிக் கழித்தார்.

இந்த முறை அது பலிக்கவில்லை. காலைத் தேநீரை மேசையில் வைத்துவிட்டு றலியா முன்னால் கதிரையில் உட்கார்ந்தாள்.

"பிள்ளைட மையவாடியில இப்ப மதிலும் இல்ல, கேற்றும் இல்ல. பொம்பள வரப்படாதெண்டு செல்ல ஆளும் இல்ல. கண்ணு தெரியிற நேரத்தில ஒருக்காப் பார்த்துக்கிறேன். ஒங்களுக்கு இடம் தெரியும்தானே."

"தெரியாமலா" என்றார் ஹாஷிம்.

சொல்லி முடிந்த கணத்திலேயே சொல்லைத் திருப்பி எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. நாற்பது வருஷம் ஊறிய பொய், அவ்வளவு சுலபமாகக் கழன்று வராது. வியாழக்கிழமை போவோம், மருமகன் ஷாமில் வேனைக் கொண்டுவரட்டும் என்று முடிவானது.

புதன்கிழமை, கண்டிக்குச் சரக்கெடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் மாறித் தெல்தெனியவுக்குப் போனார். சந்தையைத் தாண்டி இறங்கினால் நீர்த்தேக்கத்துச் சரிவு. வெடித்த சேறு, மரக்குற்றிகள், எங்கும் ஏறாத படிக்கட்டுகள். வேடிக்கை பார்க்க வந்த சனம் குடும்பம் குடும்பமாகப் படம் எடுத்துக்கொண்டு திரிந்தது, ஐஸ்கிறீம் வண்டிகூட வந்திருந்தது. பள்ளிவாசலின் அத்திவாரத்தைக் கண்டுபிடித்தார். தொழும் திசையைக் காட்டுகிற மிஹ்ராப் வளைவு இடுப்பளவுக்கு அப்படியே நின்றது. அதிலிருந்து மையவாடி இருந்த பக்கத்துக்குப் போனார். 

எங்கே பார்த்தாலும் ஒரே சேறு. வசதியுள்ளவர்களின் கல் மீஸான்கள் சில சரிந்து கிடந்தன. பலகைகள் உக்கி எந்தக் காலமோ. மதிலில் முட்டிக்கொண்டு நின்றது ஞாபகமிருந்தது, எந்த மதில் என்று ஞாபகமில்லை. பத்துத் தரம் நடந்தார், திரும்பினார், கண்ணை மூடிப் பார்த்தார். சுமேரியரின் ‘ஊர்’ என்ற நகரத்து ராணியின் தலைமாட்டில் என்ன இருந்தது என்று தெரிந்த தலை, தன் பிள்ளை வாசலிலிருந்து எத்தனை எட்டுத் தூரம் என்று தெரியாமல் வெயிலில் நின்றது. அழுகை வந்தது. யாராவது மடவளை ஆள் பார்த்துவிடுவானோ என்று பயமும் வந்தது. கடைசியில் அந்தப் பயம்தான் வென்றது. பள்ளிவாசல் அத்திவாரத்திலிருந்து கழன்ற இரண்டு கல்லைத் தூக்கிவந்து, கொஞ்சம் மேடாகத் தெரிந்த ஓரிடத்தில், பழைய நடைபாதையின் ஓரத்தை ஒட்டி, ஒன்றரை யார் இடைவெளி விட்டு அவசர அவசரமாக ஊன்றினார். சேற்றைக் கையால் பூசினார். வீட்டுக்கு வந்து நகத்தைக் கழுவக் கழுவ அழுக்குப் போகவில்லை.

மறுநாள் காலை ஷாமில் வேனை மேட்டில் நிறுத்திக்கொண்டான். றலியா ஒரு கையில் ஓதுவதற்கு யாஸீன் கிதாபும், மறு கையில் ஒரு போத்தல் தண்ணீரும் வைத்திருந்தாள். கபுருக்கு ஊற்ற. நாற்பது வருஷம் ஏரிக்கடியில் கிடந்த பிள்ளைக்கு இன்னும் ஒரு போத்தல் தண்ணீர் கொண்டுபோகிறாளே என்று ஹாஷிம் நினைத்துக்கொண்டார். தோளைப் பிடித்து மெல்ல மெல்ல இறக்கிக்கொண்டு போனார். இது கடைத்தெரு, இது தொழுமுன் கை கால் கழுவுகிற ஹவுழ், இது பள்ளி என்று சொல்லிக்கொண்டே போனார். அவள் மிஹ்ராபை ஒரு தரம் தடவிப் பார்த்தாள். கலியாணம் முடித்து அந்த ஊரில் ஆறு வருஷம் இருந்தவள், அந்தப் பள்ளியை அன்றைக்குத்தான் உள்ளிருந்து பார்த்தாள்.

"இதுதான்" என்றார், இரண்டு கல்லையும் காட்டி.

றலியா செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். உள்ளங்கையை மண்ணில் வைத்தாள். எவ்வளவு நேரம் என்று ஹாஷிம் கணக்குப் பார்க்கவில்லை. பிள்ளையின் பெயரைச் சொல்லி ஏதோ பேசினாள், அவருக்குக் கேட்கவில்லை. கேட்காதது நல்லதென்று நினைத்தார். அவளுடைய முகம் அப்படித் தெளிந்து அவர் எத்தனையோ வருஷமாகப் பார்க்கவில்லை. இந்தப் பொய்யை அல்லாஹ் மன்னிப்பான் என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

"தலை எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். தண்ணீரைத் தலைமாட்டிலிருந்து ஊற்ற வேண்டும்.

"அங்கிட்டு" என்று ஒரு கல்லைக் காட்டினார்.

றலியா போத்தலைத் திறந்தாள். ஊற்றப் போன கை நின்றது. ஒரு கண்ணால் அந்தக் கல்லைப் பார்த்தாள், இந்தக் கல்லைப் பார்த்தாள். பிறகு உடம்பைத் திருப்பி, மிஹ்ராப் வளைவைப் பார்த்தாள். மையித்தை வலப்பக்கம் சரித்து, முகம் மக்கா இருக்கிற கிப்லாத் திசையைப் பார்க்க வைப்பது எங்களில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். தலைமாட்டுக் கல்லும் கால்மாட்டுக் கல்லும் கிப்லாவுக்குக் குறுக்கேதான் நிற்க வேண்டும். இந்தக் கற்கள் கிப்லாவை நோக்கி நேர்கோட்டில் நின்றன. ஒரு நாளைக்கு ஐந்து தரம் அந்தத் திசைக்குத் திரும்புகிற மனிதர், பயத்தில் கல் ஊன்றியபோது அதை நினைக்கவேயில்லை.

"அமான் நானா கிப்லாவ மறந்தா பிள்ளைய வச்சார்?" என்றாள் றலியா. குரல் உயரவில்லை.

 பாபிலோனும் பக்தாதும் எங்கே போயினவோ. ஹாஷிம் சேற்றில் அவளுக்கு எதிரே உட்கார்ந்துவிட்டார். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். பிள்ளையை அமானிடம் கொடுத்தது, மதிலில் முட்டி நின்றது, வாசிகசாலை, பிடுங்காத புல், ஜமாஅத்தில் பேசிய பேச்சு, நேற்று ஊன்றிய கல். எல்லாம் சொன்னார். சொல்லும்போது தாடி முழுக்க நனைந்துபோனது. ஏசுவாள், அடிப்பாள், இந்தச் சேற்றை அள்ளி முகத்தில் எறிவாள் என்று காத்திருந்தார். எறிந்தால் நன்றாயிருக்கும் போலிருந்தது.

றலியா போத்தலின் மூடியைத் திரும்பத் திருகினாள். சரியாகப் பொருந்தவில்லை, இரண்டாம் தரம் திருகினாள்.

"தண்ணி வந்த நாளையில இருந்து என்ட மனசு எப்படி ஆறிச்சுத் தெரியுமா?" என்றாள். "நான் பார்க்காட்டியும் பரவாயில்ல, பிள்ள எங்க ஈக்கிறாளெண்டு ஒங்களுக்குத் தெரியும், ஒலகத்தில ஒரு ஆளுக்காவது தெரியும் எண்டு நெனச்சுத்தான் நான் ஒவ்வொரு நாளும் தூங்கினேன்."