சிலுவை எங்கள் வீட்டுக்கு வந்த வெள்ளி

திருநீற்றுப் புதன் பூசை முடிந்து நெற்றியில் சாம்பலோடு வெளியே வந்தபோது, உபதேசியார் என்னைக் கோயில் வேப்பமரத்துப் பக்கம் தனியாகக் கூப்பிட்டார்.

“டீச்சர், தப்பா நெனச்சுக்காதீங்க. இந்த வருஷம் சிலுவப்பாதை வரிசைய கொஞ்சம் மாத்திக்கலாங்களா? அவங்க வூடு முடிஞ்சு நேரா உங்க வூடு வருது.”

“மாத்திக்கலாங்க” என்றேன். அவர் கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட்டேன்.

எங்கள் தெருவில் தவக்கால வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப்பாதை கோயிலுக்குள் நடப்பதில்லை. ஆள் உயரத்தைத் தாண்டிய ஒரு மரச்சிலுவை கோயிலிலிருந்து புறப்பட்டு, வாரம் ஒரு வீடாகத் தங்கித் தங்கி, பெரிய வெள்ளிக்குத்தான் கோயிலுக்குத் திரும்பும். அது தங்கும் வாரத்தில் அந்த வீட்டில் டிவி ஓடாது, கறி வேகாது. அடுத்த வெள்ளி சாயங்காலம், வாங்கிக்கொள்கிற வீட்டிலிருந்து ஒரு பிள்ளை வந்து வாசலில் நிற்க வேண்டும். கொடுக்கிற வீட்டு அம்மா சிலுவையைத் தூக்கி அந்தப் பிள்ளையின் தோளில் வைப்பாள். பிறகு எல்லோரும் தெருவைச் சுற்றி, இயேசுவின் பாடுகளை நினைக்கும் நிலைகள் ஒவ்வொன்றிலும் முட்டி போட்டு ஜெபித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவோம். அங்கே எல்லோருக்கும் கஞ்சி.

போன வருஷம், உபதேசியார் சொன்ன அந்த அக்கா வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்குச் சிலுவை வந்தபோது அதை இரண்டு பேர் தூக்கிவந்தார்கள். முன்னால் என் மகன். சிலுவையின் அடிமுனையான வாலைப் பிடித்துக்கொண்டு பின்னால் அந்த அக்காவின் மகன். ஒன்றாம் வகுப்பிலிருந்து அந்த இரண்டு பையன்களும் ஒன்றாகவே இருந்தார்கள். படித்து முடித்து ஓசூரில் ஒரே கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார்கள். ஞாயிறானால் ஒரே வண்டியில் ஊருக்கு வருவார்கள். வண்டி கிளம்பும்போதெல்லாம் அக்கா வாசல் கேட்டுக்கு வந்து நின்று, “பாத்துப் போங்க சாமிங்களா” என்பார். அந்தச் சத்தம் எங்கள் சமையலறை வரை கேட்கும்.

அதே வருஷம் ஆடியில் ஒரு ஞாயிறு. பூசை முடிந்ததும், வத்தல்மலையில் மேகம் இறங்கியிருக்கிறது, போட்டோ எடுக்கலாம் என்று இருவரும் போனார்கள். வண்டி அக்கா மகனுடையது. மலை ஏறும்போது அவன் ஓட்டியிருக்கிறான். இறங்கும்போது என் மகன் கேட்டு வாங்கி ஓட்டியிருக்கிறான். ஹெல்மெட் ஒன்றுதான். ஓட்டுகிறவன் போட்டுக்கொள்வது அவர்களுக்குள் இருந்த பழக்கம். ஒரு கொண்டை ஊசி வளைவில், மழைத் தண்ணீர் அடித்துக்கொண்டு வந்து போட்டிருந்த சரளையில் சக்கரம் வழுக்கிவிட்டது. என் மகனுக்குத் தொடை எலும்பு முறிந்தது. அக்காவின் மகன் மலையிலேயே போய்விட்டான்.

போலீசில் அவர்கள் எங்கள் மீது ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடக்கத்தன்று அக்காவின் காலடியில் போய் உட்கார்ந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, போகச் சொல்லவும் இல்லை. அதன்பின் கோயிலில், கடையில், பஸ்ஸில் எங்கே பார்த்தாலும் அவர் முகம் என்னைத் தாண்டிப் போகும். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். வீட்டுக்கு வந்து மண்ணை வாரித் தூற்றியிருந்தால்கூட, அதற்கு என்னிடம் கண்ணீராவது இருந்தது. அந்த மௌனத்தை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

என் மகன் காலில் கம்பி வைத்துக்கொண்டு வந்தவன் அறையை விட்டு வெளியே வரவில்லை. தட்டை உள்ளே கொண்டுபோய் வைத்தால் பாதி சாப்பிடுவான். கோயிலுக்கு வா என்றால் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வான். கதவைத் தாழ் போடாதே, தாழ் போடாதே என்று நான் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டுக் கேட்டு, ஒருநாள் என் கணவர் தாழ்ப்பாளையே கழற்றி எடுத்துவிட்டார். ஏன் என்று மூன்று பேரும் பேசிக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடத்தில் போர்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது திடீரென்று கை நின்றுவிடும். ஒரு பிள்ளையை மலை எடுத்துக்கொண்டது. இன்னொன்றை அந்த அறை எடுத்துக்கொள்ளப் போகிறது என்று பயந்துகொண்டே இருந்தேன்.

அதனால்தான் வரிசையை மாற்றலாம் என்றதும் எனக்கு அவ்வளவு ஆறுதல். ஆனால் இரண்டாம் நாளே உபதேசியார் சைக்கிளை வாசலில் சாய்த்துவிட்டு, உட்காராமலே பேசினார்.

“அந்தம்மா ஒத்துக்கலீங்க. வரிசைய மாத்தக் கூடாதுனு சொல்லிடுச்சு. ஏன்னு கேட்டேன். ‘அவங்க வூட்டுக்குத்தான குடுக்கணும், அவங்க வூட்டுக்கே குடுக்கறேன்’னுச்சு. அதுக்கு மேல நானும் கேக்கல.”

அவர் போனதும் என் கணவர், “திட்டத்தான் போறாங்க. எல்லார் முன்னாடியும் நாலு வார்த்த திட்டட்டும். வாங்கிக்குவோம்” என்றார்.

“நமக்குன்னா சரி. அவன் தாங்குவானா?”

அவர் கழற்றிய தாழ்ப்பாளின் ஓட்டைகளைப் பார்த்தார்.

மகனிடம் சொல்லியாக வேண்டும். சொன்னேன். போர்வைக்குள்ளிருந்து, “நான் வரல. நீ போய் வாங்கிக்க” என்றான்.

“பிள்ளைங்கதான் வாங்கணும்...”

“பிள்ள இல்லாத வூட்ல யாரு வாங்குவாங்க? அப்பிடி நெனச்சுக்க.”

அதற்கு மேல் நான் அந்த அறையில் நிற்கவில்லை.

எங்கள் வெள்ளி வந்தது. தெருவெல்லாம் புளி உடைக்கிற காலம். வாசலுக்கு வாசல் புளியங்கொட்டையும் ஓடும் குவிந்துகிடந்தன. பயறு போட்ட கஞ்சிக்குப் பெரிய குண்டானை அடுப்பில் ஏற்றிவிட்டு வாசலுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அம்மா புளியைத் தட்டிக்கொண்டே குரல் கொடுத்தார்.

“ஆடியில எங்காத்தாளுக்குக் கூழு, பங்குனியில உங்க சாமிக்குக் கஞ்சி. நம்ம வவுத்த காயப்போடறதுல இந்தச் சாமிங்களுக்கு அப்பிடி என்னதான் சந்தோஷமோ டீச்சர்!”

வழக்கமாக நானும் ஏதாவது சொல்லிச் சிரிப்பேன். அன்று சொம்பு கையிலேயே நின்றது. அவர் எழுந்து வந்து சொம்பை வாங்கி மீதி வாசலுக்கும் தெளித்தார். “போங்க. போயிட்டு வாங்க. கஞ்சி அடிபிடிக்காம நான் பாத்துக்கறேன்” என்றார்.

நானும் என் கணவரும் போனோம். அக்கா வீட்டு வாசலில் தெருவே நின்றது. யாரும் எங்களைப் பார்க்காத மாதிரி நகர்ந்து வழி விட்டார்கள். உள்ளே, மாலை போட்ட அவன் போட்டோவுக்குக் கீழே சிலுவை சாய்ந்திருந்தது. ஊதாத் துணி கட்டியிருந்தார்கள். ஆரம்ப ஜெபம் முடிந்ததும் அக்காவும் அவர் வீட்டுக்காரரும் அதை வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். அக்காவின் விரல்கள் புளிக்கறை ஏறிக் கறுத்திருந்தன. நான் இரண்டு கைகளையும் நீட்டினேன்.

ஆடிக்குப் பிறகு முதல் தடவையாக அவர் என்னை நேராகப் பார்த்தார்.

“உங்க கையில குடுக்க மாட்டேன் டீச்சர்.”

கூட்டத்தில் ஒரு குழந்தை சிணுங்கிக்கொண்டிருந்தது.

“அக்கா, அவன் நடக்க முடியாம...”

“வாங்கறவன் வரட்டும். நான் நிக்கறேன்.”

“அம்மா, கொஞ்சம் யோசிச்சு...” என்று உபதேசியார் ஆரம்பித்தார்.

“நீங்க சும்மா இருங்க” என்றார் அக்கா.

வீட்டுக்கு ஓடினேன். அந்தச் சின்ன தூரத்தில் என்னென்னவோ நினைத்தேன். அவன் வரவே மாட்டான் என்று நினைத்தேன். வந்தால் எல்லோருக்கும் நடுவில் அவனைப் பார்த்து, ‘என் பிள்ளை எங்கேடா’ என்று கேட்பார். அந்த ஒரு கேள்வியோடு நாங்கள் முடிந்தோம் என்று நினைத்தேன்.

கதவைத் தள்ளினேன். அவன் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தான். எப்போது கிளம்பி உட்கார்ந்தானோ, காலர் வியர்வையில் நனைந்திருந்தது. கட்டிலிலிருந்து வாசல்படி வரை அவனால் வர முடியவில்லை, அவ்வளவுதான்.

“அக்கா உன்னைக் கூப்பிடறாங்க, சாமி.”

“என்னம்மா சொல்வாங்க?”

“தெரியலடா.”

பொய் சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தது. வாயில் வரவில்லை. அவன் என் தோளைப் பிடித்து எழுந்தான். தெருவுக்கு வந்ததும் கையை எடுத்துவிட்டுத் தானாக நொண்டி நொண்டி நடந்தான். புளியங்கொட்டையில் கால் வைத்துத் தடுமாறியபோது நான் பதறிப்போய்க் கையை நீட்டினேன். பிடித்துக்கொள்ளவில்லை.

அக்கா எதிரில் போய்த் தலை குனிந்து நின்றான். அவர் அவனை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். மெலிந்த கழுத்தை, தாடியை, வளைந்த காலைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தன் வீட்டுக்காரர் தோளில் கிடந்த துண்டை உருவி, நாலாக மடித்து, அவன் வலது தோளில் வைத்து அழுத்தினார். மரத்தைத் தூக்கி அதன்மேல் வைத்தார். வைத்த கையை உடனே எடுக்கவில்லை.

“பாத்துப் போ சாமி” என்றார்.

ஊரே கேட்ட வார்த்தைதான். இரண்டு பேருக்குச் சொல்லிச் சொல்லிப் பழகியதை அன்று ஒருவனுக்குச் சொன்னார். சொன்னதும் அவர் வாய் கோணிக்கொண்டது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஊர்வலம் நகர்ந்தது. என் மகன் முன்னால் நடந்தான். சிலுவையின் வால் சிமெண்டு ரோட்டில் உரசிக்கொண்டே வந்தது. பிடிக்க யாரும் வரவில்லை. வெறுப்பினால் இல்லை. அந்த இடம் இன்னொருவனுடையது என்று எல்லோருக்கும் தெரியும். நான் போய்ப் பிடித்திருக்கலாம். கை எழவில்லை. முட்டி போட்டு எழும் நேரம் தவிர அந்த உரசல் சத்தம் நிற்கவே இல்லை. இப்போதும் யாராவது தெருவில் மரக்கட்டையை இழுத்துக்கொண்டு போனால் எனக்கு உட்கார வேண்டும்.

நாலாம் நிலையை, சிலுவையை வாங்குகிற வீட்டு அம்மா வாசிக்க வேண்டும். இயேசு தன் தாயைச் சந்திக்கிற இடம். புத்தகத்தைப் பிரித்தேன். என் மகன் உயிரோடு, வியர்த்து, மூச்சு வாங்கிக்கொண்டு என் முன்னால் நின்றான். அதற்கு நன்றி சொல்ல அந்தத் தெருவில் எனக்கு வாய் வரவில்லை. நன்றி சொல்லாமலிருக்கவும் முடியவில்லை. உபதேசியார் புத்தகத்தை என் கையிலிருந்து மெல்ல வாங்கி வாசித்து முடித்தார்.

கொடுத்த வீட்டுக்காரர்கள் வந்து கஞ்சி குடித்துவிட்டுப் போவது வழக்கம். அக்கா வரவில்லை. அவர் வீட்டுக்காரர் மட்டும் வந்து, ஒரு வாய் குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். அவரிடம் ஒரு தூக்குப்போசியில் கஞ்சி ஊற்றி, மூடிமேல் தேங்காய்த் துவையல் வைத்துக் கொடுத்தேன். வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்துகொண்டே கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்.

அந்த வாரம் சிலுவை எங்கள் நடுவறையில் இருந்தது. என் மகன் வெளியே வந்து அதற்கு எதிரில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டான். அடுத்த வெள்ளி அது அடுத்த வீட்டுக்குப் போனது. அவன் மறுபடியும் அறைக்குள் போய்விட்டான். ஆனால் கதவைச் சாத்தவில்லை.

ஈஸ்டர் போய்விட்டது. அன்று அக்கா வீட்டு வாசலில் விளக்கு எரியவில்லை. நேற்று கோயிலில் அவர் முகம் மறுபடியும் என்னைத் தாண்டிப் போனது. அந்த வெள்ளி சொன்னதை அவர் மன்னிப்பாகச் சொல்லவில்லை என்று எனக்குப் புரிகிறது. அவரிடம் மிச்சமிருந்த ஒரே வார்த்தையை, சொல்ல ஆளில்லாமல் கிடந்ததை, என் பிள்ளைக்குக் கொடுத்தார். அதை எப்படித் திருப்பிக் கொடுப்பது?

தூக்குப்போசி இன்னும் வரவில்லை. பள்ளிக்கூடத்துக்குச் சோறு கட்ட வேறு பாத்திரம் இருக்கிறது. கேட்டு யாரையும் அனுப்பவில்லை. அவர் சமையலறையில் எங்கள் வீட்டுப் பாத்திரம் ஒன்று இருக்கிறது. இருக்கட்டும்.