பக்கம் வெயிட்டா இருக்கோணுமுங்க

இன்று கோவை கணபதியில், மோட்டார் பம்ப் செய்யும் ஒருவரின் ஆபீஸில் மயிரிழையில் தப்பித்தேன் நண்பர்களே.

அவருக்கு வெப் பக்கம் செய்து தருவது என் வேலை. “அம்மணி, நம்ம பக்கம் வெயிட்டா இருக்கோணுமுங்க” என்று முதலிலேயே சொல்லியிருந்தார்.

நானும் பக்கத்தை அடுக்கித் தரும் பெரிய ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்பாகத் தேடிப் பிடித்துப் போட்டேன். மெனு விரியும், படம் நகரும். என் கம்ப்யூட்டரில் பிரமாதம்!

அவருடைய மோடத்தில், டீ வந்து குடித்து முடித்த பிறகும் வெறும் வெள்ளைத் திரை.

“ஏனுங்க அம்மணி, இருக்கறது ஒரே போன் லைன். இது தொறக்கற வரைக்கும் ஆர்டர் எப்படிங்க வரும்? நான் வேற ஆளைப் பாத்துக்கறனுங்க.”

அவசரமாகப் பையைத் துழாவினேன்.

வெயிட்டு போதாது என்று நான் ஒதுக்கியிருந்த குட்டி ஸ்கிரிப்ட், நல்லவேளையாகப் பையிலிருந்த பிளாப்பியில் இருந்தது. பத்திகளை அடுக்குவதைத் தவிர அதற்கு வேறொன்றும் தெரியாது. அதை மாற்றி ஏற்றினேன்.

பம்புகள் சட்டென்று வரிசையாக வந்து நின்றன.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. “இப்பத்தானுங்க அம்மணி வெயிட்டா இருக்குது!”

பாதிக்கு மேல் கழற்றிவிட்டேன் என்று அவரிடம் யாரும் போட்டுக்கொடுத்துவிடாதீர்கள்.